மாமாவை அட்டைப்படத்தில் போட்ட கதை

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களுக்குப் போவதென்றால் இப்போதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கிறது. சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டு வந்து, நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் போதும், யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். "ஏட்டி கோமதி, அந்த போஸ்டர் கதையைச் சொல்லு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குத் தெரியாதாம்லா." நானும் சொல்வேன். பாதியில் அம்மா குறுக்கே விழுந்து கேசரி வரும் இடத்தைத் தானே சொல்லிச் சிரிப்பை அள்ளிக்கொண்டு போய்விடுவாள். முடிந்ததும் புது மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். கல்யாண போட்டோ எதுவும் இவள் கைக்குப் போய்விடக் கூடாது என்று அவர் மனதுக்குள் முடிவு செய்வது எனக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் ஓரமாகப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடலாம்.

அப்போது நான் சங்கரன்கோவிலில் கல்லூரியில் இரண்டாம் வருடம், ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். இதழியல் என்று ஒரு பாடம் இருந்தது. ரெஜினா மேடம் எடுத்தார். அந்தப் பாடத்துக்குச் செய்முறை வேலையாக, மாணவர்களுக்கான ஓர் இசைப் பத்திரிகையை நாங்களே தயாரிக்க வேண்டும் என்றார்.

"அழகா இருந்தா மட்டும் போதாது. ஒவ்வொரு வகைப் பத்திரிகைக்கும் ஒரு வடிவமைப்பு மரபு இருக்கு. தூரத்துல இருந்து அட்டையைப் பார்த்தே இது சமையல், இது சினிமா, இது பக்தின்னு சொல்லிடலாம், இல்லையா? எழுத்தைப் படிக்காமலே அது எப்படித் தெரியுது? நிறம், படம், எழுத்து வடிவம், எல்லாம் பழகிப்போயிருக்கு. முதல்ல ஒரு வகையை எடுத்துக்கோங்க. அதோட மரபுகளைப் படிங்க. அப்புறம் அதே மாதிரி செய்யுங்க" என்று மேடம் தெளிவாகத்தான் சொன்னார். அவர் மேல் தப்பே கிடையாது. இதை நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இருந்தாலும் அம்மா இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

மற்றவர்கள் சினிமாப் பாட்டு, கர்நாடக இசை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக ராக் இசையை எடுத்துக்கொண்டேன். (அதுவரை நான் நேரில் கேட்டிருந்த ராக் இசை, எங்கள் தெருமுனை மாவு மில்லில் பெல்ட் அறுந்தபோது வந்த சத்தம் மட்டும்தான்.) போனில் வெளிநாட்டு ராக் பத்திரிகைகளின் அட்டைகளாகத் தேடித் தேடிப் பார்த்தேன். மரபு பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. பின்னணி கறுப்பு. படம் கறுப்பு வெள்ளை. ஒரே ஒரு ஆள், மார்பு வரைக்கும், நேராக நம்மைப் பார்க்க வேண்டும், செத்தாலும் சிரிக்கக் கூடாது. பத்திரிகையின் பெயர் மேலே பெரிதாக இருக்கும், ஆனால் பாடகரின் தலை அதன் மேல் ஏறிப் பாதி எழுத்தை மறைக்க வேண்டும். (அவர் அவ்வளவு பெரிய ஆளாம்.) பாடகர் பெயர் பெரிய வெள்ளை எழுத்தில், அதற்குக் கீழே கனமாக ஒரு வரி. மற்ற விவரமெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவுக்குப் பொடி எழுத்து. இவ்வளவையும் கண்டுபிடித்துவிட்டு, உலக ராக் இசையே என் கைக்குள் வந்துவிட்ட மாதிரி அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அம்மா, "முருங்கைக்காயை நறுக்கிக்கிட்டே சொல்லு" என்றாள்.

அட்டைக்கு ஒரு பாடகர் வேண்டும். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். அம்மாவின் தம்பி, சங்கரபாண்டி மாமா. அப்பா திருப்பூரில் வேலை பார்த்ததால் மாமா எங்களோடுதான் இருந்தார். பகலில் செல்போன் கடை, கோயில் கொடைத் திருவிழாக் காலம் வந்துவிட்டால் மெல்லிசைக் குழுவில் பாட்டு. சுற்றுவட்டாரத்தில் மாமா குரல் கேட்காத கொடை குறைவு. ஆனால் அந்தக் குரலால்தான் அவருக்குக் கல்யாணமே ஆகாமல் கிடந்தது. "ராத்திரியெல்லாம் மேடையில ஆடுத பையனுக்கா எம் பிள்ளையைக் குடுக்க?" என்பார்கள். மாமா ஆடவே மாட்டார், ஒரே இடத்தில் நின்றுதான் பாடுவார். அதைக் கேட்கத்தான் ஆளில்லை. வயது முப்பத்தாறு ஆகியிருந்தது. பெண் பார்த்துவிட்டு வந்து ஒவ்வொரு தடவையும் போனை மேஜை மேல் கண்ணில் படும்படி வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தப் பக்கமிருந்து போன் வராது. அம்மா இதற்காக நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை.

கடைசியில் ஒரு இடம் கூடி வந்தது. கரிவலம்வந்தநல்லூரில் உரக்கடை வைத்திருப்பவரின் மகள், பெயர் முத்துச்செல்வி. ஜாதகம் பொருந்தி, மாமா போய்ப் பார்த்து, அந்தப் பெண்ணும் சரி என்று சொல்லியிருந்தாள். அவள் கொடையில் மாமா பாட்டைக் கேட்டிருக்கிறாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்து நாள் குறிப்பதாகப் பேச்சு. மாமா தரையில் கால் பாவாமல் திரிந்தார். அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்து, கிழிந்த தலையணைகளையெல்லாம் பரணில் ஏற்றினாள். இந்த இடமும் கைவிட்டுப் போனால் தம்பி இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாமென்று சொல்லிவிடுவான் என்று அம்மா பயந்துகொண்டே இருந்தாள். அந்த வாரம்தான் நான் அவரை அட்டைப்படத்துக்குக் கூப்பிட்டேன்.

மொட்டை மாடியில் கறுப்புக் குடைத் துணியைக் கட்டி மாமாவை நிறுத்தினேன். அவருக்குச் சிரிக்காமல் இருக்கத் தெரியாது. வாயை மூடச் சொன்னால் கண் சிரிக்கும், கண்ணை அடக்கினால் வாய் பிளந்துகொள்ளும்.

"மாமா, ராக் பத்திரிகையில யாரும் சிரிக்க மாட்டாங்க."

"ஏன் மக்கா, அவனுகளுக்கு என்ன கஷ்டம்?"

"கஷ்டமெல்லாம் இல்ல. அதுதான் மரபு."

"சிரிச்சாப்புல ஒண்ணு எடுத்துக்கயேன். பொண்ணு வீட்டுல பாத்தா நல்லாருக்கும்லா."

நான் பொறுமை இழந்தேன். "சரி மாமா, இதுக்கு முன்னால நீங்க பாத்துட்டு வந்து, சொல்லி அனுப்புதோம்னு சொன்னாங்கள்லா, அந்த வீடுகளையெல்லாம் ஒரு நிமிஷம் நெனச்சுக்கோங்க" என்றேன். மாமா முகத்தில் விளக்கை அணைத்த மாதிரி சிரிப்பு போய்விட்டது. டக்கென்று எடுத்தேன். படம் பிரமாதமாக வந்தது. (இப்போது அதை நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருக்கிறது.)

பத்திரிகையின் பெயர் 'இரைச்சல்'. மாமாவின் அடர்த்தியான முடி அதில் முக்கால்வாசியை மறைத்துவிட்டது. மரபுப்படி சரி. கீழே 'சங்கரபாண்டி' என்று வெள்ளையில் கொட்டை எழுத்து. அதற்குக் கீழே 'மேடைகள் மறக்காத குரல்'. அதற்கும் கீழே, அவர் முதன்முதலில் மேடை ஏறிய வருடத்தைப் போட்டு, ஒரு கோடு போட்டு, நடப்பு வருடத்தைப் போட்டேன். இத்தனை வருட அனுபவம் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டுமே. அடியில், எனக்கு உதவிய தோழிகளையும் சேர்த்து, ஆசிரியர் குழுவின் முகங்கள் வரிசையாக, தபால்தலை அளவில். முதல் முகம் என்னுடையது. நாங்களும் மரபுப்படி சிரிக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கல்லூரிக் கலையரங்கத்தில் வெளியீடு என்பதை மட்டும், ஸ்டைல் கெட்டுவிடக் கூடாது என்று, பொடி எழுத்தில் ஓரமாக வைத்தேன்.

அட்டையையே பெரிதாக்கி போஸ்டர் அடித்து ஒட்டலாம் என்பது என் சொந்த யோசனை. அச்சகத்துக்குப் பென்டிரைவோடு போனேன். அச்சக அண்ணாச்சி கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். உடனே எழுந்து போய், பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார். எவ்வளவு ஈடுபாட்டோடு வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரும்மா இது?"

"எங்க மாமா, அண்ணாச்சி. பாட்டுக்காரவுக."

"அடடா. வயசு கம்மியாத்தான தெரியுது."

"பாக்கத்தான் அப்படித் தெரியும். முப்பத்தாறு ஆயிட்டு."

"அதெல்லாம் ஒரு வயசாம்மா?" என்று அவர் தலையை ஆட்டினார். "ரெண்டு பக்கமும் வெறிச்சுன்னு கெடக்கே. நான் ஏதாவது வச்சுக்கிடவா?"

"உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி? நல்லா இருக்கதாப் பாத்து வைங்க."

இருபுறமும் எரிகிற குத்துவிளக்குகளும், படத்துக்கு ஒரு பூமாலையும் வைத்தார். எனக்குப் பிடித்திருந்தது. ராக் பத்திரிகைகளில் தீ ரொம்ப முக்கியம்.

"எந்தெந்த ஊருக்கு ஒட்டணும்? சொந்தபந்தமெல்லாம் எங்கன இருக்காக?"

பத்திரிகைக்கு வாசகர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு மேலநீலிதநல்லூர், பனவடலிசத்திரம், கரிவலம்வந்தநல்லூர் என்று மூச்சு விடாமல் சொன்னேன். "வியாழக்கிழமை காலையிலயே ஒட்டிரணும் அண்ணாச்சி" என்றேன். "இதுல எல்லாம் தாமசம் பண்ண முடியுமா? நீ போம்மா. வீட்டுல அம்மாவைப் பாத்துக்கோ" என்றார். அம்மாவை எதற்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஆங்கில இலக்கியம் படித்த மூளை அவ்வளவுதான் வேலை செய்யும்.

வியாழக்கிழமை காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்தேன். வரிசையாக ஏழெட்டு மாமா. முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த அம்மாள் கன்னத்தில் கைவைத்து 'ச்சூ' கொட்டினாள். கலையை இப்படி மதிக்கிற ஊரில் பிறந்தோமே என்று எனக்குப் புல்லரித்தது. வகுப்புத் தோழிகள் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

மாமா முந்தின நாள் பனவடலிசத்திரம் கொடையில் பாடிவிட்டு விடியற்காலையில்தான் பைக்கில் வந்து இறங்கியிருந்தார். போன் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. அவர் வந்து இறங்கியதைத் தெருவே பார்த்திருந்ததால் பக்கத்து வீட்டார் யாரும் பதறவில்லை. மதியம் நான் வெளியீட்டு விழாவுக்குச் சேலை கட்ட வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் வாசலில் ஒரு கார் நின்றது. கரிவலம்வந்தநல்லூர் உரக்கடைக்காரர் இறங்கினார். பின்னால் அவர் மனைவி, அதற்குப் பின்னால் அவர் அக்கா. அக்கா கையில் பெரிய ரோஜா மாலை.

அவர்கள் துஷ்டி கேட்க வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதைத் துஷ்டி கேட்பது என்போம். அதற்கென்று முறைகள் உண்டு. துஷ்டி வீட்டில் வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்லக் கூடாது. வந்தவர்களும் கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. இது நிஜமா என்று போன் போட்டு விசாரிப்பதும் மரியாதை இல்லை, நேரில்தான் வரவேண்டும். சம்பந்தம் பேசின வீடாயிற்றே என்று அவர்கள் கடையைப் பூட்டிவிட்டு, முறை தவறாமல் வந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது எதுவும் தெரியாது. அம்மா கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியவர்கள் வியாழக்கிழமையே, அதுவும் மாலையோடு வந்து நிற்பதுதான்.

"ஏட்டி, மாலையோடயே வந்துட்டாக! இன்னைக்கே முடிச்சிருவாக போல. ஓடிப் போயி கேசரி கிண்டு" என்று என்னை அடுப்படிக்குள் தள்ளிவிட்டு, வாயெல்லாம் பல்லாக வாசலுக்குப் போனாள். "வாங்க, வாங்க! வாங்க மதினி! உள்ள வாங்க!"

மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பதிலே சொல்லாமல், தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் தலையில் பூ இல்லை. அதை அம்மா கவனித்திருக்கிறாள், அவசரத்தில் கிளம்பியிருப்பார்கள் என்று தானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உரக்கடைக்காரரின் அக்கா சட்டென்று எழுந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார். அம்மாவுக்கும் அழுகை வந்துவிட்டது. தம்பிக்கு ஒரு வழி பிறந்துவிட்ட சந்தோஷம்.

"எந் தம்பி இத்தனை வருஷமா ஒத்தையில கெடந்து கஷ்டப்பட்டுட்டான் மதினி. இன்னையோட அவன் கஷ்டமெல்லாம் தீந்துட்டு" என்று விசும்பினாள்.

உரக்கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "உடம்புக்கு ஏதும் சொகமில்லாம இருந்தாகளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமே கெடையாது. ராத்திரி முழுக்கப் பாடுனான். விடிய வந்து படுத்தான். இன்னும் எந்திரிக்கல."

"எய்யா, பாடிட்டு வந்து படுத்தவுகளா!" என்று அவர் மனைவி மாரில் கைவைத்தாள்.

"உள் ரூம்லதான் கெடக்கான். பாக்கீகளா? எழுப்பட்டுமா?" என்றாள் அம்மா சிரித்துக்கொண்டே.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி போன துக்கத்தில் பாவம் இந்த அம்மாளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்களாம். (பிற்பாடு அவர்களே சொன்னது.) உரக்கடைக்காரரின் அக்கா அம்மா தலையைத் தடவி, "எழுப்ப வேண்டாம்மா. நீ இங்கன உக்காரு. பேசாம உக்காரு" என்றார்.

அப்போது நான் நுழைந்தேன். மூன்று தட்டில் கேசரி, நெய் மிதக்க, மேலே முந்திரி. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. "எடுத்துக்கோங்க" என்று நீட்டினேன். அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. மாமன் பிணமாகக் கிடக்கிற வீட்டில் பட்டுக் கட்டிக்கொண்டு கேசரி நீட்டுகிற மருமகளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனாலும் பைத்தியம் பிடித்த வீட்டில் எதற்கு வம்பு என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

உள் ரூம் கதவு திறந்தது. கலைந்த தலையும் இடுப்பில் சாரமுமாக மாமா வந்தார். "அக்கா, காப்பி" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வருங்கால மாமனாரைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

கேசரித் தட்டு பறந்துபோய் டிவியில் அப்பியது. உரக்கடைக்காரரின் மனைவி "ஆத்தாடி!" என்று அலறி வாசலுக்கு ஓடினாள். அவர் அக்கா சாமி பெயர்களை வரிசையாகச் சொன்னார். உரக்கடைக்காரர் மட்டும் நிலையைப் பிடித்துக்கொண்டு, மாமாவின் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார். பட்டது. பிறகு தன் போனை எடுத்து, கடைக்கு எதிரே இருந்த போஸ்டரைப் படம் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினார்.

"அப்ப இது என்னது?"

அம்மா பார்த்தாள். மாமா பார்த்தார். கறுப்புப் பின்னணி, மாலை, இரண்டு பக்கமும் விளக்கு, வருடம், கோடு, வருடம், அடியில் வரிசையாகச் சோகமான முகங்கள். உரக்கடைக்காரர் விரலால் கடைசி வரிசையைப் பெரிதாக்கினார். "இதுல மொத ஆளு நீதானம்மா?"

கையில் மீதிக் கேசரித் தட்டுகளோடு நான் விளக்க ஆரம்பித்தேன். "அது வந்து... இது ராக் இசைப் பத்திரிகைகளோட அட்டை மரபுங்க. பாடகர் வாசகரை நேருக்கு நேரா..."

"கோமதி" என்றாள் அம்மா. "வாயை மூடு."

அதற்குப் பிறகு நடந்ததில் சிரிப்புக்கு ஒன்றுமில்லை. உரக்கடைக்காரர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை. "தப்பா நெனைக்காதீகம்மா. நான் துஷ்டிக்குன்னு மாலை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். அதைத் திருப்பி எங்க வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. துஷ்டி மாலையோட படி ஏறுன வீட்டுக்கு எம் பிள்ளையை எப்படி அனுப்ப? இது வேண்டாம்" என்றார். மாலையை வாசல் திண்ணை ஓரமாக வைத்துவிட்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லாமலே போனார்கள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், நான் தண்ணீர் கொடுத்தபோது வாங்கவில்லை.

மாமா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா மக்கா, கிழிச்சிட்டு வருவோம்" என்றார். அவ்வளவுதான். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அழலாமென்று பார்த்தேன். அழுகை வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு மனிதர் தன்னுடைய சாவு போஸ்டரைத் தானே கிழிப்பதை ஊர் வேடிக்கை பார்த்தது. டீக்கடையில் ஒருத்தர் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டார். இன்னொருத்தர், "ஏ, சங்கரபாண்டி அண்ணாச்சி, நாங்க மாலை வாங்க இப்பத்தான் துட்டு பிரிச்சோம்" என்று மாமாவைக் கட்டிக்கொண்டார். மாமா எல்லோரிடமும், "ஒண்ணுமில்ல, பிள்ளைக காலேஜுக்குச் செஞ்சது, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே கிழித்தார். அங்கிருந்து ஒவ்வொரு ஊராகப் போனோம். கரிவலம்வந்தநல்லூருக்கு வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அங்கே போஸ்டர், உரக்கடைக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தச் சுவரில் இருந்தது. கடை பூட்டியிருந்தது. மாடியில்தான் அவர்கள் வீடு.

நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற மாமா நகத்தால் சுரண்டினார். பாதி முகம் வந்துவிட்டது. யாரோ மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது. முத்துச்செல்வி. கண்ணும் மூக்கும் வீங்கி, தலை கலைந்து கிடந்தது.

"நீங்கதானா?"

"நான்தான்மா."

"அப்பா வந்து சொன்னதை நான் நம்பல. உசுரோடதான் இருக்கீகளா?"

"இருக்கேன்" என்ற மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போலச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீக! காலையில இருந்து நான் அழுதுக்கிட்டு கெடக்கேன், சிரிப்பு வருதாக்கும்?"

மாமா உடனே சிரிப்பை அடக்கினார். சுவரில் இருந்த பாதி முகமும் அவர் முகமும் ஒன்றாகிவிட்டன. முத்துச்செல்வி அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அந்த மூஞ்சியை வைக்காதீக. சிரிங்க. சிரிச்சுத் தொலைங்க!"

மாமா சிரித்தார். அவள் அழுதாள். நான் பைக்குக்குப் பின்னால் பதுங்கினேன். அதற்குள் உரக்கடைக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "பிள்ளை, மேல போ. அது சரிப்படாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சகுனம் சரியில்ல" என்றார்.

"என்னப்பா சகுனம்?" அவள் முகத்தைத் துடைத்தாள். "செத்துட்டாகன்னு அழுதேன், உசுரோட வந்து எதுக்க நிக்காக. இதைவிட நல்ல சகுனம் எங்கனப்பா இருக்கு? தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு, நான் அழுததை. நாளைக்கு நீங்க வேற ஒருத்தரைக் கொண்டாந்து நிறுத்துனா நான் எந்த மூஞ்சியோட அவர்கூடக் குடும்பம் நடத்த? அழுதது இவுகளுக்கு, கட்டிக்கிடுறது வேற ஆளையா?"

உரக்கடைக்காரர் மாமாவைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "மீதியையும் கிழிச்சிட்டு மேல வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். இந்தத் தடவை 'வாங்க' என்றார் என்பதை நான் கவனித்தேன்.

ஆவணியில் கல்யாணம். கல்யாணப் பத்திரிகையிலும் சரி, போஸ்டரிலும் சரி, மாப்பிள்ளை படம் போடக் கூடாது என்பது பெண் வீட்டார் போட்ட ஒரே நிபந்தனை. மஞ்சளும் சிவப்புமாக, பிள்ளையாரை மட்டும் போட்டு அடித்தார்கள். அடித்தது அதே அச்சக அண்ணாச்சிதான். மாமாவை நேரில் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டாராம். வெளியீட்டு விழா நான் இல்லாமலே நடந்தது. ரெஜினா மேடம் என் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தபோது அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'மரபுகளை மிகத் துல்லியமாகப் பின்பற்றியிருக்கிறாய். எந்த வகையின் மரபு என்பதை மட்டும் உன் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.' மதிப்பெண் நன்றாகத்தான் போட்டிருந்தார்.

அன்றிலிருந்து முத்துச்செல்வி அத்தைக்கு ஒரு வசனம் கிடைத்துவிட்டது. மாமா கொடைக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தாலும், மருந்து சாப்பிட மறந்தாலும், சண்டை போட்டாலும் அதுதான். "இவுகளுக்கு நான் அழ வேண்டியதைக் கல்யாணத்துக்கு முன்னாலயே அழுது முடிச்சிட்டேன். இனிமே இவுக பாடு." குடும்பமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அவர்கள் மகன் பேச ஆரம்பித்தபோதே அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டான். எனக்குத்தான் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று.

போன வருடம் மாமாவுக்கு மேடையில் நெஞ்சுவலி வந்துவிட்டது. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வராந்தாவில் நின்று அழுதார்கள், அம்மாவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அத்தை மட்டும் சொட்டுக் கண்ணீர் விடவில்லை. டாக்டர்கள் வந்து, அடைப்பை எடுத்தாயிற்று, கண் விழித்துவிட்டார், இரண்டு பேர் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னார்கள். அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாமா மூக்கில் குழாயோடு கிடந்தார். முகத்தில் சிரிப்பில்லை. நேராக எங்களைப் பார்த்தார். மொட்டை மாடியில் நான் எடுத்த அதே முகம். பக்கத்தில் நின்ற நர்ஸ் அத்தையைப் பார்த்து, "நீங்க தைரியமா இருக்கீங்கம்மா, அழவே இல்லையே" என்றாள்.

அத்தை மாமாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கை நடுங்கியதில் மாமாவின் கையும் சேர்ந்து நடுங்கியது. "இவுகளுக்கு நான் என்னைக்கோ அழுது முடிச்சிட்டேம்மா" என்றாள்.

குழாயைத் தாண்டி மாமா பல் தெரியச் சிரித்தார். நான் வராந்தாவுக்கு ஓடிவந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் வந்து அதட்டும் வரைக்கும் அழுதேன். இந்தக் கதையில் மாமாவுக்காக அதுவரை அழாமல் இருந்தது நான் ஒருத்திதான்.